இஸ்தோப்பில் ஒரு பட்டறை

மலையகத்தில் தூரத்தை மைலால் அளப்பதில் அர்த்தமில்லை. வரைபடத்தில் விரல் நகமளவு தோன்றும் இடைவெளியைக் கடப்பதற்கு ஒரு பள்ளத்தாக்கில் இறங்கி, ஓர் ஆற்றைத் தாண்டி, மறுபடியும் ஒரு மலையில் ஏற வேண்டும். ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் தலவாக்கலைக்கும் பிரிந்து செல்லும் வீதிகளில் பஸ் ஓடுகிறது. ஆனால் பெருவீதியை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பும் கற்பாதையில், கொழுந்து லொறிக்காகப் போடப்பட்டுப் பின்னர் யாராலும் பேணப்படாத அந்தப் பாதையில், பஸ்ஸைக் காண்பது அரிது. நமது பாடசாலைகளில் பெரும்பாலானவை அந்தப் பாதைகளின் முடிவிலேயே இருக்கின்றன.

இந்தப் பாதைகளில் யந்திரத்தின் ஓசைக்கு ஒரு சரித்திரம் உண்டு. பெரியதுரை முதலில் குதிரையிலும் பின்னர் காரிலும் வந்தார். சின்னத்துரை மோட்டார் சைக்கிளில் மலைக்கு வந்தார். தொழிலாளியும் தொழிலாளியின் பிள்ளையும் நடந்தார்கள். தூரத்தில் யந்திரத்தின் ஓசை கேட்டால் அதிகாரம் வருகிறது என்று பொருள். கொழுந்து பறிக்கும் கைகள் வேகம் கொள்ளும். இன்று அதே பாதையில் ஆசிரியரும், முச்சக்கர வண்டி ஓட்டும் வாலிபரும், நகரத்துக் கடையில் வேலை செய்யும் பெண்ணும் சொந்த வண்டியில் போகின்றனர். இந்த மாற்றத்தை அற்பமென ஒதுக்கிவிட முடியாது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்த அவலத்தின் எச்சங்களைச் சுமந்த மக்கள் நாம். குடியிருக்கும் லயத்துக்கு இன்றும் நம்மில் மிகப் பெரும்பாலோரிடம் உறுதி இல்லை. அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில், அரசாங்க முத்திரையோடு ஒருவரின் சொந்தப் பெயரில் வந்து சேரும் முதற் பத்திரம் பல வேளைகளில் ஒரு வண்டியின் பதிவுப் புத்தகமாகவே இருக்கிறது.

நம்மிடம் உள்ளது பஜாஜ் சேட்டக் என்னும் பழைய பெரிய ஸ்கூட்டர். நாம் கற்பிக்கும் மாணவர்களைவிட அதற்கு வயது அதிகம். அதன் வம்சவரலாறு சுவையானது. இத்தாலியில் பொந்தெதெரா என்னுமிடத்தில் பியாஜியோ நிறுவனத்தார் போர் விமானங்களைச் செய்து வந்தனர். இரண்டாம் உலக யுத்தத்தில் அந்தத் தொழிற்சாலை குண்டுவீச்சுக்கு இரையாயிற்று. யுத்தம் முடிந்ததும் விமானம் செய்ய வழியில்லை. ஜனங்களிடம் கார் வாங்கப் பணமுமில்லை. விமானப் பொறியியலாளரான கொராதினோ தஸ்கானியோ வகுத்த வெஸ்பா ஸ்கூட்டர் 1946இல் வெளிவந்தது. விமானத்தின் சக்கரத்தைப் போல முன்சக்கரத்தை ஒரு பக்கத்தில் மட்டும் பிடித்து நிறுத்தினார் அவர். வழியில் டயரில் காற்று இறங்கினால், சாதாரண மனிதர் ஒருவர் சில நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை மாற்றிக்கொண்டு போகக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவருடைய நோக்கங்களில் ஒன்று. 1960களில் பஜாஜ் நிறுவனம் பியாஜியோவின் அனுமதியுடன் இந்தியாவில் இதே வகை ஸ்கூட்டரைச் செய்தது. அந்த உடன்பாடு 1971இல் முடிந்தபின், 1972இல் சேட்டக் பிறந்தது. ராணா பிரதாப்பின் குதிரைக்கு வாய்த்த பெயர் அதற்கு இடப்பட்டது. இந்தியாவில் மக்கள் அதற்குப் பதிவுசெய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலமும் இருந்தது. இன்று அந்தப் பழைய சேட்டக் உற்பத்தியாவதில்லை. 2019இல் அதே பெயரில் அறிமுகமானது மின்சார ஸ்கூட்டர்.

இத்தகைய பழைய வண்டியை நாம் கராஜுக்குக் கொண்டு போகாமல் லயத்து இஸ்தோப்பிலேயே பழுது பார்ப்பதற்குக் காரணம் யாது? முதற் காரணம் பணம். அதைச் சொல்ல நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. 2020இல் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. சொந்தப் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. ஐந்தாண்டுகள் நாடு முழுவதும் பழைய வண்டிகளையே நம்பி ஓடியது. 2022இன் முற்பகுதியில் ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த பெறுமதி சில மாதங்களில் 360 ரூபாவளவுக்கு வீழ்ந்தது. கடல் கடந்து வரும் உதிரிப் பாகம் ஒவ்வொன்றும் அதற்கேற்ப விலையேறியது. 2022 ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெட்ரோல் 470 ரூபா. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம், 2021இல் நீண்ட போராட்டத்தின் பின் கிடைத்த 1000 ரூபா. ஒரு நாள் முழுவதும் மலையில் நின்று முழுப்பேர் வாங்கினால் இரண்டு லீற்றர் பெட்ரோலுக்குப் போதும். மிச்சத்தில் ஒரு இறாத்தல் பாண் வாங்குவதும் கஷ்டம். பின்னர் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் வாரத்துக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். அந்த 4 லீற்றரில் ஒரு வாரம் பாடசாலைக்குப் போய் வருவதானால், பெட்ரோலை வீணாக்காத யந்திரம் வேண்டும். அந்த நாட்களில்தான் நாம் ஸ்கூட்டரைத் திறந்து பார்க்கப் பழகினோம்.

பழக்கியவர், நமது லயத்தின் கடைசிக் காம்பராவில் இருக்கும் ஓர் அண்ணன். தோட்டத்து ஸ்டோரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் யந்திரங்களோடு வாழ்ந்தவர். கொழுந்தை உருட்டும் ரோலரின் சத்தம் மாறினால், பார்க்காமலே எந்தப் பேரிங் தேய்ந்தது என்று சொல்லக்கூடியவர். ஸ்கூட்டர் அவருக்குப் புதிது. ஆயினும் முதல் நாளே அவர் சொன்ன வார்த்தை நமக்குப் பாடமாயிற்று.

"மொதல்ல பிளக்கைக் கழட்டிப் பாருங்க சேர். கறுப்பா இருந்தா ஒரு நோவு, வெள்ளையா இருந்தா வேற நோவு. அதப் பாக்காம கார்பரேட்டர்ல கை வைக்காதீங்க."

பிளக் கன்னங்கரேல் என்று இருந்தது. காரணம் நமது மலையே. நுவரெலியா நகரம் கடல் மட்டத்துக்கு 1868 மீற்றர் மேலே இருக்கிறது. அங்கு காற்றின் அழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்பரேட்டர் சமவெளிக் காற்றுக்கு அளந்து செய்யப்பட்டது. அதன் ஜெட் துளை அதே அளவு பெட்ரோலை விடுகிறது, அதை எரிக்கப் போதிய காற்றோ இல்லை. எரியாத பெட்ரோல் கரியாகிறது, வண்டி இழுக்க மறுக்கிறது, காசு புகையாகப் போகிறது. ஓரளவு சிறிய ஜெட்டை மாற்றினால் போதும். இது சில நிமிட வேலை. கொழும்பில் எழுதப்பட்ட பாடப்புத்தகத்தில் வளிமண்டல அழுத்தம் என்று ஓர் அத்தியாயம் உண்டு. அதை எத்தனையோ தடவை படிப்பித்திருக்கிறோம். அதற்கும் ஸ்கூட்டரின் பிளக்குக்கும் உள்ள உறவை வகுப்பில் சொன்ன அன்றுதான் கடைசி வரிசை மாணவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அடைத்துக்கொண்ட ஜெட்டைக் கம்பியால் குத்தக்கூடாது. குத்தினால் துளை பெரிதாகி, வண்டி என்றென்றைக்கும் பெட்ரோல் குடிக்கும். பெட்ரோலில் கழுவிக் காற்றால் ஊத வேண்டும். பொறியை உண்டாக்கும் பாயிண்ட் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர், பிளக்கின் இடைவெளி ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர். இவற்றை அளக்கும் தகட்டுக் கருவி நம்மிடம் இல்லை. அண்ணன் சவர அலகுகளை எடுத்து அடுக்கினார். ஒன்றின் கனம் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு. நான்கு அலகு நுழைந்தால் பாயிண்ட் சரி, ஆறு நுழைந்தால் பிளக் சரி. இதை அவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை.

வெயிற்காலச் சமவெளியில் வண்டி வைத்திருப்பவர் அறியாத நோய்கள் நமக்கு உண்டு. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் பிரதேசம். ஸ்கூட்டரின் உடல் முழுவதும் இரும்புத் தகடு. தனியாகச் சட்டகம் கிடையாது, தகடே எலும்பு. கால் வைக்கும் தட்டின் கீழ் சேறு தங்கினால் அது உள்ளிருந்தே அரிக்கிறது. மாதம் ஒரு முறை சாய்த்துக் கழுவி, காய்ந்தபின் பழைய எண்ணெய் தடவ வேண்டும். கியர், கிளச், பிரேக் எல்லாவற்றுக்கும் கம்பி வயர். அவை முனையில் ஒவ்வொரு இழையாக அறும். ஒரு இழை அறுந்ததைக் கண்டவுடன் மாற்றிவிட்டால் நடுவழியில் நிற்க நேராது. சக்கரத்தின் விளிம்பு இரண்டு பாதியாகப் பிரிவது. ஆதலால் டியூபை வீட்டிலேயே மாற்றலாம். ஆனால் காற்றை முற்றாக இறக்காமல் அந்த நட்டுகளில் ஸ்பானரை வைப்பது உயிராபத்து. பழைய பிரேக் ஷூவின் தூசியில் கல்நார் இருக்கக்கூடும். அதை வாயால் ஊதலாகாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இறக்கம். இந்த வகை ஸ்கூட்டர் இரண்டு வீச்சு யந்திரம் கொண்டது. யந்திரத்துக்கு வேண்டிய எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே உள்ளே போகிறது, 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்று. நுவரெலியாவிலிருந்து றம்பொடைக்கு இறங்கும்போது முடுக்கியை மூடி, கியரின் பிடியில் வண்டியை விடுகிறோம். சக்கரங்கள் யந்திரத்தை வேகமாகச் சுழற்றுகின்றன. முடுக்கி மூடியிருப்பதால் பெட்ரோல் அதிகம் போவதில்லை. ஆகவே எண்ணெயும் போவதில்லை. நீண்ட இறக்கத்தில் பிஸ்டன் உலர்ந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளலாம், பின்சக்கரம் அப்படியே நின்றுவிடலாம். அதற்காக இடைக்கிடை முடுக்கியைச் சற்றுத் திறந்து மூட வேண்டும். முழுவதும் பிரேக்கை நம்பி இறங்கினால் டிரம் சூடேறிப் பிடி தளரும். 2023 ஜனவரியில் நானுஓயாவுக்கு அருகே ரதெல்லையின் செங்குத்தான குறுக்கு வீதியில் பஸ் ஒன்று வானோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி ஏழு உயிர்கள் போயின. நமது மலையில் வண்டியைப் பேணுவது பொழுதுபோக்கான காரியம் அல்ல என்பதற்கு அந்த ஏழு பேரின் மரணம் போதும்.

அந்த அண்ணனைப் பற்றி மேலும் ஒன்று சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகள் உலர்த்தும் யந்திரத்தையும் ரோலரையும் நிற்காமல் ஓட வைத்த அவருடைய பெயர், செக்ரோலில் கடைசி வரை 'தொழிலாளி' என்றே இருந்தது. யந்திரம் பழுதுபட்டால் கொழும்பிலிருந்து நிபுணர் ஒருவர் வருவார், பழுது எங்கே என்று அண்ணனிடம் கேட்பார், அண்ணன் காட்டுவார், நிபுணர் அறிக்கை எழுதிவிட்டுப் போவார். இது அவர் ஒருவருடைய கதை மட்டுமல்ல. 1867இல் லூல்கொந்துரையில் தேயிலை பயிரான நாள் தொட்டு இந்த மலைகளில் வெட்டப்பட்ட கானும், கட்டப்பட்ட பாலமும், ஓடிய யந்திரமும் நமது முன்னோரின் கைத்திறனால் ஆனவை. ஆனால் பயிற்சியற்ற உழைப்பு என்ற ஒரே சொல்லில் அந்தத் திறன் முழுவதும் மறைக்கப்பட்டது. அறிவு உண்டு என்று ஒப்புக்கொண்டால் அதற்குரிய சம்பளத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அதனால்தான் கைக்குத் தெரிந்ததற்கு அறிவு என்ற பெயர் மறுக்கப்பட்டது.

இங்கே வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம். வீட்டிலேயே பழுது பார்ப்பதை இவ்வளவு புகழ்வது வறுமையைப் புகழ்வதாக முடியாதா? இருப்பதைக் கொண்டு சமாளித்துக்கொள்ளுங்கள் என்பதுதானே நம்மிடம் எல்லாத் துரைமாரும் இதுவரை சொல்லி வந்தது? நியாயமான கேள்வி. தேய்ந்த பிரேக் ஷூவை உப்புத்தாளில் தேய்த்து மறுபடியும் போடுபவர் அதைச் சிக்கனத்துக்காகச் செய்யவில்லை. புதியது வாங்க இயலாமல் செய்கிறார். அதைக் கண்டு அவரது சாமர்த்தியத்தை வியப்பது கொடுமை. இந்தப் பழைய யந்திரத்தின் புகை நல்லதென்றும் நாம் வாதிடவில்லை. இரண்டு வீச்சு முச்சக்கர வண்டிகளின் இறக்குமதியை இந்நாடு 2008இல் நிறுத்தியது சரியான காரியமே. நல்ல வீதியும், நேரத்துக்கு வரும் பஸ்ஸும், வாழப் போதிய சம்பளமும் இருக்குமானால், நம்மில் பலர் இந்த ஸ்கூட்டரைச் சந்தோஷமாகவே விற்றுவிடுவோம்.

ஆனால் சம்பளத்துக்கான போராட்டமும் அறிவுக்கான உரிமையும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. புதிதாக வரும் ஸ்கூட்டர்களைப் பாருங்கள். கார்பரேட்டரின் இடத்தில் கணினியால் இயங்கும் எரிபொருள் தெளிப்பான் வந்திருக்கிறது. புகை குறைந்தது, பெட்ரோல் மிச்சம், இவை நன்மைகளே. ஆனால் பழுது என்னவென்று அறிய ஒரு கருவி வேண்டும். அந்தக் கருவி விற்பனையாளரிடம் இருக்கும். பழுதின் மொழியை அவர்கள் மட்டுமே படிப்பார்கள். வண்டி நம்முடையது, அதன் உட்பொருள் வேறொருவருடையது. செக்ரோல் முறையின் வேறொரு வடிவம் இது. உலகில் வேறு ஜனங்களும் இதை உணர்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல், வாகனத்தின் பழுதறியும் விவரங்களைச் சுதந்திரமான பட்டறைகளுக்கும் தர வேண்டுமென்று சட்டம் வந்தது. இந்திய அரசு 2022இல் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் அதற்கென ஒரு சட்டவிதியையே நிறைவேற்றியது. பொருளை வாங்கியவருக்கு அதைத் திறந்து பார்க்கவும் உரிமை உண்டு என்பது இன்று உலகளாவிய கோரிக்கை.

நமது நிலையில் இக்கோரிக்கைக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஸ்கூட்டரின் பட்டறைக் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. நமது மாணவருக்கு அது மூடிய பெட்டி. உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவு 2013இல் தொடங்கப்பட்டது. ஆனால் கணிதமும் விஞ்ஞானமும்கூட உயர்தரத்தில் படிக்க வழியில்லாத தோட்டப் பாடசாலைகள் இன்றும் ஏராளம். ஆய்வுகூடம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டும், அதற்காகப் போராடவும் வேண்டும். அதே வேளையில், ஆய்வுகூடத்தில் உள்ள பல உண்மைகள் இஸ்தோப்பில் கிடக்கும் ஒரு பழைய யந்திரத்திலும் உள்ளன. சனிக்கிழமைகளில் நம்மைச் சூழ்ந்து நிற்கும் பிள்ளைகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி உண்டு. அவளுடைய அம்மா கொழுந்து பறிப்பவர். "பொம்பளப் புள்ளைக்கி என்னத்துக்கு இந்தக் கரி?" என்று அந்த அம்மா முதலில் கூப்பிட்டுக்கொண்டு போனார். அடுத்த வாரம் அவரே மகளுக்குப் பழைய சேலைத் துண்டுகளைத் துடைப்பதற்கென்று கொடுத்தனுப்பினார். இன்று அந்த மாணவி கிளச் வயரைத் தனியாகவே மாற்றுகிறாள். சவர அலகை எண்ணி இடைவெளி பார்ப்பதில் அவள் கை நம்முடையதைவிட நிதானமானது.

ஆசிரிய நண்பர்களுக்கும் பத்தனைக் கல்வியியற் கல்லூரியிலிருந்து புதிதாக வரும் இளைஞர்களுக்கும் நாம் சொல்ல விரும்புவது இதுவே. நமது ஒவ்வொரு தோட்டத்திலும் ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவரோ, டிரைவர் ஒருவரோ இருக்கிறார். அவரைப் பாடசாலைக்கு அழையுங்கள்; விருந்தினராக அல்ல, ஆசிரியராக. அவர் சொல்வதை மாணவர் தமிழில் எழுதி வைக்கட்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் லயத்தில் வழங்கும் பெயரை அப்படியே குறித்துக்கொள்ளட்டும். ஐந்து ஆசிரியர் சேர்ந்தால் ஸ்பானர் தொகுதி ஒன்றும், அளவுத் தகடு ஒன்றும், சக்கரத்துக்குக் காற்றடிக்கும் பம்பு ஒன்றும் பொதுவில் வாங்கலாம். தொழிற்சங்கங்களும் சந்தாவின் ஒரு சிறு பகுதியை இதற்கு ஒதுக்கலாம். ஓடுவதற்கு முன் பிரேக்கைப் பரிசோதிப்பது எப்படி என்ற ஒரே பாடத்தைத் தோட்டந்தோறும் நடத்தினாலும், சில வீடுகளில் ஒப்பாரி கேட்காமல் தடுக்கலாம்.

இதனால் சம்பளம் உயர்ந்துவிடாது. லயத்துக்கு உறுதி கிடைத்துவிடாது. அவற்றுக்கு வேறு போராட்டங்கள் உண்டு. அவற்றில் நாம் நிற்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு யந்திரத்தைத் தன் கையால் பிரித்து, அதன் காரண காரியத்தை விளங்கி, மறுபடி பூட்டி ஓடவிட்ட பிள்ளையிடம், உனக்கு இதெல்லாம் புரியாது என்று இனி யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. அப்பிள்ளை நாளை தன் சம்பளச் சீட்டையும் அதே கண்ணோடு திறந்து பார்க்கும். எந்த இடத்தில் எவ்வளவு கழிக்கப்பட்டது, ஏன் கழிக்கப்பட்டது என்று கேட்கும்.